பதினெட்டாம் வாயிலில் ஒரு தலை

தம்பி வென்ற நாள்களிலெல்லாம் அண்ணனுக்குப் பல் வலித்தது. பல் மருத்துவர் மூன்று முறை வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "பல்லுல ஒண்ணும் இல்லைங்க. தூக்கத்துல நறநறன்னு கடிக்கிறீங்களா?" என்று வினவினார். அண்ணன் இல்லையென்றான். அருகில் நின்ற அவன் மனைவி ஆமென்றாள்.

தம்பி நான்கு முறை உலகச் சாம்பியன். ஆதலின் கடும் வலி நான்கு முறை. சிறு பந்தயங்களுக்குச் சிறு வலி. சென்ற ஆண்டு, இனிப் போட்டியிடுவதில்லை என்று தம்பி அறிவித்தபோது, அண்ணன் தாடையைத் தடவிக்கொண்டு "அப்பாடா" என்றது உண்மை. ஆயினும் ஓய்வு பெற்றவன் ஓய்ந்திருக்கவில்லை. நாட்டின் துடுப்புப் படகுச் சங்கத்தில் தலைவர் பதவி காலியாயிற்று, அதற்கு நின்றான். சங்கத்தில் நாற்பத்து மூன்று மன்றங்கள். மன்றத்துக்கு ஒரு வாக்கு. "குதிரையை விட்டு இறங்குனவன் யானை மேல ஏறப் போறான்" என்று படகுக் கொட்டகையில் பேசிக்கொண்டார்கள். அன்று மாலையே அண்ணனுக்குக் கடைவாய்ப் பல் துடிக்கத் தொடங்கியது.

அவர்கள் பிழைப்பு நடந்த இடம் ஆறும் அன்று, வாய்க்காலும் அன்று. காங்கிரீட்டால் கட்டி, பாறைகளுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கட்டைகளைப் பதித்த முந்நூறு மீட்டர் நீர்ச்சரிவு. மோட்டாரைப் போட்டால் காட்டாறு, நிறுத்தினால் சாக்கடை. அதன் குறுக்கே கம்பிகள் ஓடின. கம்பிகளிலிருந்து இரண்டிரண்டாக வரியிட்ட கம்பங்கள் தொங்கின. இரு கம்பங்களுக்கும் இடைப்பட்ட வெளிக்கு வாயில் என்று பெயர்; படகுக்காரர்கள் பேச்சில் 'கேட்டு'. பச்சை வாயிலில் நீரோடு இறங்க வேண்டும். சிவப்பு வாயிலில் படகைத் திருப்பி, நீரை எதிர்த்து ஏற வேண்டும். கம்பத்தில் உடம்போ துடுப்போ பட்டால் இரண்டு நொடி தண்டம். வாயிலையே தவறவிட்டால் ஐம்பது நொடி. அதாவது, துணியை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

அவ்வாயில்களைக் கட்டுவது சங்கத்தில் அண்ணனின் சம்பள வேலை. விடியலில், மோட்டார் போடுவதற்கு முன், மழையானாலும் காற்றானாலும் அவன் கரையில் நின்று கயிற்றை இழுப்பான், தளர்த்துவான், மறுபடி இழுப்பான். கம்பத்தின் நுனி நீருக்கு மேல் ஒரு சாண் நிற்க வேண்டும். தாழ்ந்தால் அலை தொட்டு ஆட்டும். உயர்ந்தால் படகுக்காரன் கம்பத்துக்கு அடியில் நழுவி நேரத்தைத் திருடுவான். நனைந்த கயிறு உள்ளங்கையில் எழுதிய எழுத்து பதினைந்து ஆண்டுகளாக அழியவில்லை. மீந்த நேரத்தில் பட்டறையில் உடைந்த படகுகளுக்குக் கண்ணாடி நார் ஒட்டித் தேய்ப்பான். பட்டறையின் மறுபாதியில் அவன் மனைவி தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பாள். துடுப்பாளர்கள் இடுப்பில் மாட்டிப் படகின் வாயை மூடிக்கொள்ளும் ரப்பர் துணிக்குப் பாவாடை என்று பெயர். மலைபோன்ற ஆண்கள் நாணமின்றி வந்து, "அக்கா, என் பாவாடை ஒழுகுது" என்பார்கள். "உன் பாவாடைக்கு நான் என்ன பண்ண, தொப்பையைக் குறை" என்பாள் அவள்.

சகோதரர் இருவரும் ஒரு காலத்தில் ஒரே படகில் மண்டியிட்டவர்கள். இரட்டைப் படகில் முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன். முன்னவனின் முகத்தில் நீர் அடிக்கும். புகைப்படக்காரனின் வெளிச்சமும் அங்கேதான் அடிக்கும். பின்னவனுக்கு வாய்ப்பது முன்னவனின் முதுகு. படகைத் திருப்புவது பின்னவன். திரும்பியது முன்னவன் கணக்கில் ஏறும். கொட்டகையில் தம்பிக்கு முன்னாள் என்றும் அண்ணனுக்குப் பின்னாள் என்றும் பட்டப்பெயர் இருந்தது. பிற்காலத்தில் செய்தித்தாள்கள் தம்பியை 'முன்னாள் சாம்பியன்' என்று எழுதியபோது, ஓய்வு பெற்றவன் என்ற பொருள் கொட்டகையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. முன்னால் இருந்த ஆள்தானே என்றார்கள். "அப்போ நான் பின்னாள் சாம்பியனா?" என்று அண்ணன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் உலகப் போட்டியில் அவ்விரட்டைப் படகு வெண்கலம் பெற்றது. அதைக் கண்டுதான் தம்பிக்குப் புதுப் படகும் வெளிநாட்டுப் பயிற்சியும் வந்து சேர்ந்தன. சில ஆண்டுகளில் இரட்டைப் படகுப் போட்டியையே பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். செய்தி வந்த வாரத்திலேயே தம்பி ஒற்றைப் படகில் ஏறினான். அண்ணனும் ஏறினான், தேர்வில் ஏழாவதாக வந்தான். முன்னே ஒரு முதுகு இல்லாத படகில், எங்கே பார்ப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

தேர்தலுக்கு ஆறு நாள் இருக்கையில், ஞாயிறு மாலை, தம்பி பட்டறைக்கு மேலிருந்த அண்ணன் வீட்டுக்கு வந்தான். வெளியே தூறல். சட்டையில் துளிகளோடு வாசலில் நின்றவனை அண்ணி வரவேற்றாள்.

"வாங்க தம்பி. தலைவருக்கு நாற்காலி போடட்டுமா?"

"இன்னும் ஆகல அண்ணி. அந்த ஸ்டூலே போதும்."

"அதுல உங்க அண்ணன் பசை டப்பாவைக் கவுத்துட்டார். உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டீங்க."

"அப்போ பதவிக்கு ஏத்த ஸ்டூல்தான்."

அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். தன் வீட்டில், தன் மனைவியை, வந்த அரை நிமிடத்தில் சிரிக்கவைத்துவிட்டான் என்பதை அண்ணன் மனத்தில் குறித்துக்கொண்டான். அண்ணன் சொன்ன நகைச்சுவைகளுக்கு அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே "உம்" கொட்டுவது வழக்கம்.

காய்கறி சூப்பும் முட்டையும் ரொட்டியும் மேசைக்கு வந்தன. தம்பி ரொட்டியைப் பிய்த்தான், ஊறவைத்தான், தின்னாமல் கிளறினான்.

"அண்ணே, ஒரு விஷயம். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"விஷயத்தைக் கொடு. எப்படி எடுத்துக்கறதுன்னு நான் பார்த்துக்கறேன்."

"சங்கத்துல ஒரு விதி இருக்கு. தலைவரோட சொந்தக்காரங்க யாரும் சங்கத்துல சம்பள வேலை பார்க்கக் கூடாது."

அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தான். "கயிறா?"

"கயிறுதான்."

"கம்பமும்?"

"கயிறு இல்லாம கம்பம் எங்கண்ணே?"

"நான் கட்டுன கேட்டுலதான்டா நீ பழகுன. காலையில நாலரை மணிக்கு வந்து கட்டுவேன். நீ ஆறரைக்கு வந்து, பதினொண்ணாவது கேட்டு கோணலா இருக்கும்ப."

"கோணலா இருந்துச்சுண்ணே."

"காத்துடா அது!"

"சரி, காத்துதான். கடிதாசி போட்டுச் சொல்லிடலாம்னு ஆபீஸ்ல சொன்னாங்க. நான்தான் வேணாம், நேர்ல போய்ச் சொல்றேன்னு வந்தேன்."

"பெரிய மனசு."

"பட்டறைக்கு ஒரு தடையும் இல்ல. மன்றங்க நேரா கொடுக்கற ரிப்பேர் உனக்குத்தான்."

"ஓட்டை அடைக்க நான். கொடி அசைக்க நீ."

"சாப்பிடற இடத்துல ஏங்க?" என்றாள் மனைவி. "இன்னும் ஓட்டே போடல. அதுக்குள்ள கயித்தை ஆளுக்கொரு பக்கம் இழுக்கறீங்க."

பதினைந்து ஆண்டுக் கயிறு ஒரு ரொட்டித் துண்டுக்கும் மற்றொரு துண்டுக்கும் இடையில் அண்ணன் கையை விட்டுப் போயிருந்தது. அவனிடம் ஒரே ஒரு பொருள் எஞ்சியிருந்தது. பத்தொன்பது ஆண்டுகளாக அதை அவன் வெளியே எடுக்கவும் இல்லை, எறிந்துவிடவும் இல்லை. தம்பி ஒவ்வொரு முறை மாலையோடு வந்து இறங்கும்போதும், அது பத்திரமாக இருக்கிறதா என்று உள்ளுக்குள் தொட்டுப் பார்த்துக்கொள்வான்.

"தலைவராகறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கோ," என்றான். "நம்ம வெண்கலம் பொய்."

"என்ன பொய்?"

"பதினெட்டாவது கேட்டு. சிவப்பு. உன் தலை உள்ளே போச்சு. என் தலை போகல."

இரட்டைப் படகில் இருவர் தலையும் கம்பங்களுக்கு நடுவே புகுந்து வெளிவர வேண்டும் என்பது விதி. ஒரு தலை தவறினாலும் வாயில் தவறியதே. ஐம்பது நொடி சேர்ந்திருந்தால், அவர்கள் படகு வெண்கலத்துக்கு அல்ல, கடைசி இடத்துக்கே வந்திருக்கும்.

வேறொருவன் என்றால் கத்தியிருப்பான், அல்லது நம்பமாட்டேன் என்றிருப்பான். தம்பி துடுப்பாளன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"எந்தக் கம்பம்? உள்கம்பமா, வெளிக்கம்பமா?"

"உள்கம்பம். படகோட வால் அமுங்கிடுச்சு. நான் பின்னால சாஞ்சேன். தலை கம்பத்தைச் சுத்தி வெளிப்பக்கமா வந்துச்சு."

"எவ்வளவு வெளியே?"

"ஒரு சாண் இருக்கும்."

"தொடலையா?"

"தொட்டிருந்தா கம்பம் ஆடியிருக்கும். ஆடியிருந்தா நடுவர் திரும்பியிருப்பார்."

"நடுவர் பார்க்காம என்ன பண்ணிக்கிட்டிருந்தார்?"

"உன்னைப் பார்த்துக்கிட்டிருந்தார். எல்லாரும் உன்னைத்தானடா பார்ப்பாங்க."

அதுவே உண்மை. பின்னால் இருந்தவனை அன்று எவரும் பாராதது ஒன்றுதான் அந்தப் பதக்கத்தை வாங்கித் தந்தது. அண்ணனின் கண்ணும் அவ்வேளையில் தம்பியின் முதுகின் மீதே இருந்தது.

"பத்தொம்பது வருஷமா ஏண்ணே சொல்லல?"

"தோணல."

"இப்போ ஏன் தோணுச்சு?"

"கயிறு போச்சுல்ல, அதான்" என்று மனைவி சொன்னாள்.

தம்பி எழுந்து கை கழுவினான். "சூப் நல்லா இருந்துச்சு அண்ணி" என்றான். பாதிக் கிண்ணம் அப்படியே இருந்தது. வெளியேறுகையில் கதவை ஓசை எழாமல் சாத்தினான். அதுவும் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த ஐந்து நாள்களும் அவனுக்குப் பல் வலிக்கவில்லை. தூறல் விட்டு வெயில் வந்தது. மூக்கு பிளந்த படகொன்றைக் கட்டையில் ஏற்றி, பழைய நாரைச் சுரண்டி, பசையைக் கலந்து, புது நாரை வெட்டி ஒட்டி, அவன் சீட்டியடித்துக்கொண்டே உப்புத்தாளால் தேய்த்தான். நார்த்தூள் கழுத்தில் அரித்தது. அவ்வரிப்பும் இன்பமாக இருந்தது.

"நாளைக்கு வாபஸ் வாங்கிடுவான் பாரு," என்றான் வெள்ளியன்று.

மனைவி இயந்திரத்தை நிறுத்தாமலே கேட்டாள். "வாங்கிட்டா?"

"எதிர்த்து நிக்கற அந்த ஹோட்டல்காரர் தலைவரா வருவார். நல்ல மனுஷன். படகுல ஏறினதே இல்ல. கயிறு என் கையில இருக்கும்."

"உங்க தம்பி கையில?"

"அவன் கையில எப்பவும் ஏதாச்சும் இருக்கும். அவனைப் பத்திக் கவலைப்படாதே."

"தப்புப் பண்ணது உங்க தலை. அதுக்கு அவர் தலையை வாங்கறீங்க."

"நான் எங்கடி வாங்கினேன்? நடந்ததைச் சொன்னேன்."

"நடந்ததை நடந்த அன்னிக்குச் சொல்லியிருந்தா உண்மை. பத்தொம்பது வருஷம் ஊறப்போட்டுச் சொன்னா அதுக்குப் பேர் வேற." அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அவர் ஜெயிச்ச ஒவ்வொரு தடவையும் நான்தான் உங்களுக்கு வெந்நீர் வச்சுக் கொடுத்தேன். அப்பவெல்லாம் பல்லுன்னுதான் நினைச்சேன்."

சனிக்கிழமை காலை தேர்தல். ஓர் உள்விளையாட்டரங்கில் மடக்கு நாற்காலிகளை வரிசையிட்டிருந்தார்கள். கூடைப்பந்து வளையத்தின் கீழே மேடை. மன்றங்களின் நாற்பத்து மூன்று பேராளர்களும் வேடிக்கை பார்க்க வந்த படகுக்காரர்களும் அமர்ந்திருந்தனர். தேர்தல் அதிகாரியாக நீதிமன்றத்தில் எழுத்தராயிருந்து ஓய்வு பெற்ற ஒருவரை நியமித்திருந்தார்கள். அன்னார் தும்மினால்கூட மணி பார்த்துக் குறித்துக்கொள்பவர். அண்ணன் துவைத்த சட்டை அணிந்து கடைசி வரிசையில் அமர்ந்தான். தம்பி விலகும் காட்சியைக் காணாமல் போனால் ஆயுளுக்கும் வருந்த நேருமே!

ஹோட்டல்காரர் முதலில் பேசினார். வெந்நீர்க் குளியலறைகள், நல்ல உணவகம், வண்டி நிறுத்த இடம் ஆகியவற்றை வாக்களித்தார். மிதமான கைதட்டல். பின்னர் தம்பி எழுந்தான். கையில் தாள் எதுவும் இல்லை.

"எல்லாருக்கும் வணக்கம். அஞ்சு நிமிஷம் கொடுத்திருக்காங்க. என்ன செய்யப் போறேங்கறது உங்க கையில இருக்கற தாள்ல இருக்கு. நான் வேற ஒண்ணு சொல்லணும். பத்தொம்பது வருஷத்துக்கு முன்னாடி எங்க இரட்டைப் படகு வாங்கின வெண்கலம் எங்களுக்குச் சேர வேண்டியதில்ல. பதினெட்டாவது கேட்டுல எங்க தலை ஒண்ணு கம்பத்துக்கு வெளியே போச்சு. நடுவர் கண்ணுல படல. எனக்கே போன வாரந்தான் தெரிய வந்துச்சு. உலகச் சங்கத்துக்குக் கடிதம் அனுப்பிட்டேன். பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்கறோம். என்னோட எல்லா வளர்ச்சியும் அந்தப் பதக்கத்துலதான் ஆரம்பிச்சுது. இதைத் தெரிஞ்சுக்கிட்டு நீங்க ஓட்டுப் போடணும். போடலேன்னா, வருத்தப்பட மாட்டேன்."

அண்ணன் நாற்காலியின் நுனிக்கு வந்தான். முடிந்தது, என்று எண்ணினான்.

முதல் வரிசையில் ஒருவர் கைதட்டினார். பிறகு ஐவர். பிறகு அரங்கமே எழுந்து நின்றது. ஹோட்டல்காரரும் வேறு வழியின்றி எழுந்து தட்டினார். அண்ணன் எறிந்த கல்லைத் தம்பி பொறுக்கி, அதையே படியாகப் போட்டு ஏறிக்கொண்டிருந்தான்.

"என்னா மனுஷன்யா! தன் தப்பைத் தானே சொல்றான்," என்றார் அண்ணனுக்கு முன்வரிசைக்காரர்.

"முன்னாடி இருக்கறவன் தலைதானே முதல்ல மாட்டும்," என்றார் அவர் பக்கத்திலிருந்தவர். "அந்த வயசுல எவன் தலைதான் நேரா நின்னுச்சு?"

"பின்னாடி யாரு இருந்தா அப்போ?"

"யாரோ. ஞாபகம் இல்ல."

அண்ணனுடைய கடைவாய்ப் பல்லில் மின்னல் வெட்டியது.

கைதட்டல் அடங்கியதும் தேர்தல் அதிகாரி பேனாவை உயர்த்தினார். "இதைக் கூட்டக் குறிப்புல சேர்க்கணும். தலை ஒண்ணுன்னு மொட்டையா எழுத முடியாது. யாரோட தலை?"

தம்பி கடைசி வரிசையை ஒரு கணம் பார்த்தான். அக்கணத்தில் அவன் முகத்தில் ஒரு கனிவு தோன்றியது. அந்தக் கனிவை அண்ணன் கண்டான்; அதைத் தாங்கவே முடியவில்லை.

"என்னோடதுன்னே எழுதிக்குங்க," என்றான் தம்பி.

பெயரை எடுத்துக்கொண்டான், அதைப் பொறுத்தாயிற்று. கயிற்றை எடுத்துக்கொண்டான், அதற்கும் விதி இருந்தது. அண்ணனுக்கென்று இவ்வுலகில் மிஞ்சியிருந்தது ஒரு தப்பு. சிறிய தப்புதான், ஒரு சாண் அளவு. ஆயினும் முழுக்க முழுக்க அவனுடையது.

"பொய்!"

அரங்கம் திரும்பியது. அண்ணன் நாற்காலியின் மேல் ஏறி நின்றிருந்தான். எப்போது ஏறினான் என்பது அவனுக்கே தெரியாது.

"அது என் தலை! அவன் தலை ஒழுங்கா உள்ளே போச்சு. அவனுக்கு அப்படி வெளியே விடத் தெரியாது. சாஞ்சது நான்! சுத்தி வந்தது நான்! அதுல எழுத்துக்கூட்டி எழுதுங்க, என் தலை!"

எவரோ சிரித்தார். எவரோ "உட்காருய்யா" என்றார். அதிகாரி மட்டும் கலங்கவில்லை. எழுதிய வரியை அடித்துவிட்டு, "மேடைக்கு வாங்க. எந்த நிலையில, எப்படி நடந்துச்சுன்னு நீங்க சொன்னாத்தான் குறிக்க முடியும்" என்றார்.

அண்ணன் வரிசைகளினூடே நடந்தான். நாற்பத்து மூன்று மன்றங்களின் கண்களும் அவனோடு நடந்தன. பத்தொன்பது ஆண்டுகளில் இல்லாத ஒரு கதகதப்பு முதுகில் ஏறிற்று. மேடையில் தம்பி மைக்கை நீட்டினான். துடுப்புப் பிடித்த விதத்தைக் காட்ட இரு கையும் வேண்டுமாதலால், அதை அவன் வாங்கவில்லை. பலகையின் மேல் மண்டியிட்டான், படகில் மண்டியிடுவதைப் போலவே, குதிகாலை அடியில் மடக்கி. மைக் அவன் வாய்க்கு எட்டவில்லை. வேறு வழியின்றித் தம்பியும் அவனருகே மண்டியிட்டு, அதை அவன் வாயருகே பிடித்தான்.

"அன்னிக்குக் காத்து இடப்பக்கத்துல இருந்து," என்று தொடங்கினான் அண்ணன். "முதல் கேட்டு பச்சை. வழுக்கிக்கிட்டு வந்தோம். ரெண்டாவதுக்கு முன்னாடி ஒரு பள்ளம். அதுல வாலை நான் இப்படித் தூக்கினேன்."

இடுப்பை ஒடித்துக் காட்டினான். முதல் வரிசை கழுத்தை நீட்டியது. பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். சிரித்தவரும் இப்போது சிரிக்கவில்லை. எல்லாரும் நீரில் இறங்கியவர்கள். அந்த இடுப்பு பொய் சொல்லவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்தது. அதிகாரி இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார்.

அன்று பிற்பகல் தம்பி முப்பத்தொரு வாக்குப் பெற்று வென்றதும், மறுவாரம் அண்ணன் கயிறுகளைச் சுருட்டி ஒப்படைத்ததும், தேர்தலன்று இரவும் அவன் மனைவி வெந்நீர் வைத்ததும் பின்னர் நடந்தவை. மேடையில் அப்போது மூன்றாம் வாயில் கடந்துகொண்டிருந்தது. நான்கு முறை உலகச் சாம்பியன் மண்டியிட்டபடியே, கை கடுத்து, மைக்கை இடக்கைக்கு மாற்றிக்கொண்டான்.

"அண்ணே," என்றான் மெல்ல, "நேரா பதினெட்டுக்கு வா. ஓட்டெடுப்பு இருக்கு."

"சும்மா இருடா. மைக்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடி. நாலாவது கேட்டுல நீ பண்ணதை இவங்களுக்கு நான் இன்னும் சொல்லவே இல்ல."